எலியின் நாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

மூளையில் சுரக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைத் தடுக்கும் மருந்தை ஆய்வக எலிகளுக்குக் கொடுத்தால் அவை சோகமாகிவிடுமா? எலியின் உணர்ச்சியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்கள்? டோபமைன் மகிழ்ச்சி ஹார்மோன் என்கிறார்களே, ஒரு வாரம் கைபேசியைத் தொடாமல் இருந்தால் அது சீராகுமா? வாயில்லா ஜீவன்களை இப்படி வதைப்பது சரியா என்றும் தோன்றுகிறது.

ர.

அன்புள்ள ர.,

கைபேசியைத் தாராளமாகத் தூர வையுங்கள். அதற்கு மூளையைச் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை. வதை பற்றிய கேள்வி பெரியது. கடைசி வரியில் ஒட்டிக்கொண்டு வரக்கூடாது, தனிக் கடிதமாக எழுதுங்கள்.

ஆனால் அந்த 'மகிழ்ச்சி ஹார்மோன்'! இதை விடமாட்டேன். இவ்வளவு அக்கறையாகக் கேட்கத் தெரிந்த நீங்கள், யாரோ சொன்னதை அப்படியே விழுங்கலாமா?

எலியின் வாயில் மெல்லிய குழாய் வழியாக ஒரு துளி சர்க்கரைத் தண்ணீர் விட்டால், நாக்கை நீட்டி நீட்டிச் சப்புக்கொட்டும், முன்பாதத்தை நக்கும். கொய்னா கசப்பு என்றால் வாயைப் பிளக்கும், தலையை உதறும். கைக்குழந்தையிடம் பார்க்கிற அதே முகம்தான். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கென்ட் பெரிட்ஜும் டெரி ராபின்சனும் இந்த நாக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டோபமைன் நரம்புகளை ஒரு நச்சால் ஏறத்தாழ முழுக்க அழித்த எலிகளைப் பற்றி 1989இல் எழுதினார்கள். அவை உணவின் பக்கமே போகவில்லை. குழாயில் ஊட்டாவிட்டால் பட்டினியில் செத்திருக்கும். ஆனால் சர்க்கரைத் துளி வாயில் விழுந்ததும் நாக்கு பழையபடியே நீண்டது! ருசி போகவில்லை ஐயா, ருசியைத் தேடிப் போவதுதான் போயிற்று. பின்னாளில் பெரிட்ஜும் வேறு சிலரும் தலைகீழாகவும் பார்த்தார்கள். மரபணு மாற்றத்தால் டோபமைன் மிகுந்திருந்த சுண்டெலிகள் இனிப்பை நோக்கி வேகமாக ஓடின. சப்புக்கொட்டல் கூடவில்லை.

பயத்திலும் இதே கதைதான். மணி அடித்தால் ஷாக் வரும் என்று தெரிந்து அடுத்த அறைக்கு ஓடப் பழகிய எலிக்கு, டோபமைனைத் தடுக்கும் ஹாலோபெரிடால் கொடுத்தால் மணியைச் சட்டையே செய்யாது. ஷாக் பட்டதும் ஓடும். காலும் சரி, வலியும் சரி. மணியின் மிரட்டல்தான் உறைப்பதில்லை.

இதையெல்லாம் நான் படித்தது பிற்பாடு. அம்மாவுக்குப் பார்க்கின்சன் நோய் (மூளையில் டோபமைன் குறைந்துபோகிற நோய்) என்று தெரிவதற்கு முந்தைய வருடம், அவள் நாற்காலியில் சும்மா உட்கார்ந்திருப்பாள். கைக்கெட்டும் தூரத்தில் ரேடியோ. பாட்டென்றால் உயிரை விடுகிறவள் அதைப் போடமாட்டாள். கை வராமல் இல்லை, அதே கையால் கண்ணாடியைத் துடைப்பாள். "எதிலும் பிடிப்பே இல்லையா உனக்கு?" என்று எத்தனை தடவை சிடுசிடுத்திருப்பேன்! ஆனால் நாங்கள் போட்டுவிட்டால், முழங்கால் மேல் அவள் விரல் தாளம் போடும். அதைப் பார்த்தும் எனக்குப் புரியவில்லை. பார்த்துக்கொண்டேதான் திட்டினேன்.

அப்புறம் லெவோடோபா மாத்திரை தொடங்கினார்கள். மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிற மருந்து. சில வாரம் கழித்து ஒரு விடியற்காலை, தூக்கம் கலைந்த எரிச்சலில் கத்தினேன்: "யார் இந்நேரத்துக்கு ரேடியோவைப் போட்டது?"

"நான்தான். ஏன்?" என்றாள்.