கூடுதல் விமானத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டுமா, இலவசம் போதுமா?

வீட்டுக் கணினியில் சிமுலேட்டர் மென்பொருளில் விமானம் ஓட்டிப் பழகுகிறவர், அதில் தனியாகச் சேர்க்கும் விமானங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எந்த விமானம் என்பதைப் பொறுத்தது.

ஏர்பஸ் ஏ320 நியோ என்றால் பணப்பையைத் தொடவே வேண்டாம். மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டருக்குத் தன்னார்வலர்கள் திறந்த மூலத்தில் (நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம்) உருவாக்கிய ஃபிளைபைவயர் ஏ32என்எக்ஸ் இருக்கிறது. எக்ஸ்-பிளேன் என்ற இன்னொரு சிமுலேட்டரில் போயிங் 737-800க்கு ஸிபோ என்பவரின் இலவச வடிவம் உண்டு. இரண்டிலும் மின்சாரமே இல்லாத நிலையிலிருந்து பேட்டரி, ஏபியு (தரையில் மின்சாரம் தரும் சிறு துணை எஞ்சின்), எரிபொருள் பம்ப் என்று ஒவ்வொன்றாக இயக்கி எஞ்சினைக் கிளப்பலாம்.

ஆனால் இவை விதிவிலக்குகள். இலவசமாகக் கிடைக்கும் பலவற்றில் வெளித்தோற்றம்தான் புதிது. உள்ளே போனால் வேறு விமானத்தின் காக்பிட் இரவலாக உட்கார்ந்திருக்கும், பாதி பொத்தான்கள் அலங்காரத்துக்கு. காசுக்கு விற்கும் எல்லாமே உயர்ந்தவை என்றும் சொல்லமாட்டேன். நல்லவற்றில் கிடைப்பது ஆழம். காசுக்கு விற்கும் ஃபெனிக்ஸ் ஏ320ல் ஒரு சர்க்யூட் பிரேக்கரை இழுத்தால் அது மின்சாரம் தரும் கருவி உண்மையிலேயே செயலிழக்கும். கோளாறுகளைச் சமாளித்துப் பழக விரும்புகிறவருக்கு இது செலவுக்குத் தகும்; ஜன்னலில் மேகம் பார்க்க விரும்புகிறவருக்கு வீண்.

வாங்குவதற்கு முன் உங்கள் சிமுலேட்டரின் பதிப்பில் அது ஓடுமா என்று பாருங்கள். மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரின் 2020 பதிப்புக்கு வாங்கியது 2024 பதிப்பில் அப்படியே வேலை செய்யும் என்று உறுதியில்லை. கணினி பழையது என்றால் முதலில் ரேம் வாங்குங்கள்.