எந்த மொழிப் பழமொழி? வகுப்பறைக் கதைகள்: கேள்வி பதில்

கே: ரீச்சர், என் நாலாம் வகுப்பில் கானாவிலிருந்து வந்த பிள்ளை ஒருத்தி வாயே திறக்கிறாள் இல்லை. ஆப்பிரிக்கப் பழமொழி ஏதும் சொல்லித் தொடங்கலாமா?

ப: முதலில் வீட்டில் என்ன மொழி என்று தாயிடம் கேளுங்கள். கானாவுக்குள்ளேயே அக்கான், எவே என்று பல சனங்கள். அக்கான் என்றால் அனான்சி என்ற சிலந்தியிடம் போங்கள். உலகத்து அறிவையெல்லாம் ஒரு பானையில் அடைத்து, மர உச்சியில் ஒளிக்கப் பார்க்கிறான். பானையை வயிற்றில் கட்டியதால் ஏற முடியவில்லை. கீழே நிற்கும் மகன், "அப்பா, முதுகில கட்டுங்கோ" என்கிறான். எல்லா அறிவும் தன்னிடம் என்று நம்பியவனுக்கு ஆத்திரம். பானை விழுந்து உடைய, அறிவு ஊரெல்லாம் சிதறுகிறது. ‘ஒற்றைத் தலை ஆலோசனைக்குப் போகாது’ என்ற அக்கான் பழமொழியை இதோடு சேருங்கள். பானையும் கயிறும் கொடுத்து நடிக்க விடுங்கள். என் வகுப்பில் பேச்சு வராத பையன் ஒருவன்தான் மகன். அப்பாவின் முதுகைத் தொட்டுக் காட்டினான், அவ்வளவுதான். வகுப்பே கைதட்டியது.

அந்தப் பிள்ளையை எழுப்பி, ‘உங்கட ஊர்க் கதைதானே, நீ சொல்லு’ என்று மட்டும் கேட்காதீர்கள்.

கே: ‘ஒரு பிள்ளையை வளர்க்க ஊரே வேண்டும்’ என்ற ஆப்பிரிக்கப் பழமொழியைச் சுவரில் ஒட்டலாமா?

ப: அதே சொற்களில் அது எந்த மொழியில் பிறந்தது என்று எவரும் உறுதியாகக் காட்டியதில்லை. சுவாகிலியில் ‘ம்கோனோ ம்மோஜா ஹவுலேய் ம்வானா’ உண்டு: ஒரு கை பிள்ளையை வளர்க்காது. மொழியின் பெயரோடு அதை ஒட்டுங்கள்.

கே: ஐம்பது ஆப்பிரிக்கப் பழமொழிகள் ஒரே பட்டியலாகக் கிடைக்குமா?

ப: தரமாட்டேன். 54 நாடுகள், ஆயிரத்துக்கு மேல் மொழிகள். மொழியைச் சொல்லிக் கேளுங்கள்.

கே: அமெரிக்கப் பூர்வகுடித் தலைவர் சியாட்டல் எழுதியது என்று சொல்லும் கடிதத்தை ஒட்டலாமா?

ப: பரவலாகச் சுற்றும் வடிவம் 1970களின் தொடக்கத்தில் ஒரு படத்துக்காக டெட் பெர்ரி என்ற திரைக்கதை எழுத்தாளர் எழுதியது. வேண்டாம்.

கே: ஜூனில் கனடாவின் பூர்வகுடி மாதம் வருகிறது. பூர்வகுடிக் கதைகளில் வரும் குறும்பு நாயகன் நானபோஷோவின் கதை சொல்லலாமா?

ப: அவற்றுக்குரிய பூர்வகுடிகளான அனிஷினாபே மக்களுக்கு அவை பனிக்காலக் கதைகள். பனி விழும்வரை பொறுங்கள்.

கே: இது அதிகம், ரீச்சர். கதை எல்லாருக்கும் பொதுதானே? அச்சிலேயே வந்துவிட்டதே.

ப: அச்சில் வந்ததால் அனுமதி வந்துவிடாது. பூர்வகுடிப் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து வைத்த கனடாவின் உறைவிடப் பள்ளிகள் 1990கள் வரை இருந்தன. அங்கே தாய்மொழியில் பேசியதற்கே பிள்ளைகள் அடி வாங்கினார்கள். பள்ளிக்கூடம் பறித்த கதைகள் அவை. இன்று நம் அட்டவணைக்கு ஏற்றபடி எடுத்தால், திரும்பவும் பள்ளிக்கூடமே முடிவு செய்கிறது. எப்போது சொல்வது, யார் சொல்வது என்பதும் கதையின் பகுதி. ஜூனில் அந்த வழக்கத்தையே பாடமாக்குங்கள். ‘ஏன் காத்திருக்கிறோம்’ என்று பிள்ளைகளே கேட்பார்கள்.

கே: அப்போ யாரைக் கூப்பிடுவது?

ப: உங்கள் கல்விச் சபையின் பூர்வகுடிக் கல்விப் பிரிவு வழியாக ஒரு மூத்தவரை. புகையிலை கொடுத்துக் கேட்பது அனிஷினாபே மரபு. எப்படிக் கொடுப்பது என்று அந்தப் பிரிவிலேயே கேட்டறியுங்கள். வருபவருக்கான கொடுப்பனவையும் முன்கூட்டியே ஒதுக்கி வையுங்கள்.