ஃபர்னஸ் போட்டால் வீடு மணக்குது: கேள்வி பதில்

ரொறன்ரோவில குளிர் துவங்கினவுடன எனக்கு வாற போன் எல்லாம் ஒரே கதைதான், "அண்ணை ஃபர்னஸ் போட்டனாங்கள், ஒரு மாதிரி மணக்குது". ஃபர்னஸ் எண்டது கேஸை எரிச்சு வீட்டைச் சூடாக்கிற மெசின். கேஸ் வேலைக்கான ஜி2 லைசென்ஸ் எடுத்து 16 வருசமா இந்த வேலைதான் செய்யிறன், தெரிஞ்சதைச் சொல்லுறன். கேக்கேக்க என்ன மாதிரி மணம், எப்ப துவங்கினது, எந்த இடத்தில கூட எண்டு மூண்டையும் சொல்லுங்கோ. வெறுமனே "நாறுது" எண்டால் நான் என்னத்தைச் சொல்லுறது.

அண்ணா, நேற்று இரவுதான் முதல் தரம் ஹீட் போட்டனாங்கள். கருகின மணம் வந்து ஸ்மோக் அலாமும் அடிச்சிட்டுது, பிள்ளையள் பயந்து போச்சினம். (ஸ்காபரோ)

அது தூசி தம்பி. ஏப்ரல் மேயில நிப்பாட்டின மெசின், கோடை முழுக்க உள்ளுக்கு தூசி படிஞ்சு கிடக்கும், முதல் சூட்டில அது எரியுது. ஜன்னலைத் திறந்துவிட்டு ரெண்டு மூண்டு மணித்தியாலம் ஓடவிடுங்கோ, போயிடும். அடுத்த நாளும் அப்பிடியே மணந்தால் ஃபில்டரை இழுத்துப் பாருங்கோ. போன மாசம் ஒரு வீட்டில நான் இழுத்த ஃபில்டர் சாம்பல் நிறக் கம்பளி மாதிரி இருந்தது, எப்ப மாத்தினது எண்டு கேட்டன், "அதுக்குள்ள ஃபில்டர் இருக்கோ?" எண்டு கேட்டார் வீட்டுக்காரர்.

கூழ்முட்டை மணம் மெல்லிசா வருது, மனுசி சொல்லுறா, எனக்கு ஒண்டும் மணக்கேல்ல. பேஸ்மென்டுக்குப் போய் பார்க்கட்டோ? (மார்க்கம்)

போகாதேங்கோ! அது கேஸ் லீக்கா இருக்கலாம், மனுசி சொல்லுறதை நம்புங்கோ. லைட் போடவும் வேண்டாம் நிப்பாட்டவும் வேண்டாம், கராஜ் கதவு பட்டனையும் அமத்தாதேங்கோ, எல்லாரையும் கூட்டிக்கொண்டு வெளியில போய், ரோட்டில நிண்டுதான் போன் எடுக்கவேணும். 911, இல்லாட்டி கேஸ் பில்லில இருக்கிற எமர்ஜென்சி நம்பர், 24 மணித்தியாலமும் ஆள் வரும்.

கேஸுக்கு சொந்தமா மணமே இல்லை. 1937 இல டெக்சஸில நியூ லண்டன் எண்ட ஊரில ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கீழ கேஸ் கசிஞ்சு நிறைஞ்சு வெடிச்சு கிட்டத்தட்ட 300 பேர் செத்தவை, அநேகம் பிள்ளையள், ஒருத்தருக்கும் மணக்கேல்ல. அதுக்குப் பிறகுதான் மெர்காப்டன் எண்ட நாத்தச் சாமானைக் கலக்கவேணும் எண்டு அங்க சட்டம் வந்தது. காத்தில கேஸ் நூற்றுக்கு 5 வீதம் சேர்ந்தால்தான் வெடிக்கும், மூக்குக்கு அதுக்கு நல்லா முந்தியே பிடிபடவேணும் எண்டுதான் கலக்கிறது. ஆனா ஒரே மணத்துக்குள்ள இருந்தால் மூக்கு பழகிப்போயிடும். அண்ணை, நீங்கள் வீட்டுக்குள்ளயே இருந்திருப்பியள், மனுசி வேலையால வந்து கதவைத் திறந்தவுடன பிடிச்சிருப்பா.

எங்களுக்கும் அதே மணம் வந்து கேஸ்காரர் வந்து பாத்திட்டு லீக் இல்லை எண்டு போயிட்டினம். இன்னும் லாண்டரிப் பக்கம் நாறுது. (அஜாக்ஸ்)

அக்கா, நீங்கள் முதல்ல அவையளைக் கூப்பிட்டதுதான் சரி. இப்ப ஃபர்னஸுக்குப் பக்கத்தில நிலத்தில இருக்கிற, தண்ணி வடியிற ட்ரெயின் ஓட்டைக்குள்ள ஒரு வாளி தண்ணி ஊத்துங்கோ. அதின்ர வளைவுக்குள்ள தண்ணி நிக்கவேணும், குளிர்காலத்தில காஞ்சு போனால் கக்கூஸ் பைப் காத்து மேல வரும். சுடுதண்ணி பைப்பைத் திறந்தால் மட்டும் நாறுதெண்டால் அது வேற, சுடுதண்ணி டாங்க் துருப்பிடிக்காமல் இருக்க உள்ளுக்குப் போட்டிருக்கிற உலோகக் கம்பியின்ர வேலை, பிளம்பரைக் கூப்பிடுங்கோ.

ஹீட் ஓடேக்க கண் எரியுது, காரமான மணம், ஜன்னல் எல்லாம் உள்பக்கம் வேர்த்து ஒழுகுது. பின்னேரத்தில தலையிடி, வேலைக்குப் போனால் சுகமாயிடுது. (பிரம்டன்)

தம்பி, இதை வாசிச்ச உடன ஃபர்னஸை நிப்பாட்டிப்போட்டு வெளியில போங்கோ, 911 அடியுங்கோ, மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

வெளியில போனால் சுகம், வீட்டுக்கு வந்தால் தலையிடி எண்டது கார்பன் மோனாக்சைடு எண்ட நச்சு வாயுவின்ர குணம். அதுக்கு மணமே கிடையாது. உங்களுக்கு வாற கார மணம் கேஸ் சரியா எரியாமல் வாற மற்றச் சாமான்களின்ர மணம், அது வந்தது உங்கட அதிர்ஷ்டம், அநேகமா அதுவும் வராது. இப்பத்தைய ஃபர்னஸுகளுக்கு வீட்டுப் பக்கச் சுவரில காத்து இழுக்கவும் புகை போகவும் ரெண்டு பிளாஸ்டிக் குழாய் வெளியில நிக்கும், அது அடைபட்டால் இந்தக் கதைதான். ட்ரைவ்வே ஸ்நோவைத் தள்ளி அதுக்கு மேலயே குவிச்சு வைக்கிற ஆக்கள் கனபேர். நான் போன வீடொண்டில அந்தக் குழாய் வாயில குளவிக் கூடு.

2008 டிசம்பரில ஒன்ராறியோ வூட்ஸ்டாக்கில கேஸ் ஃபயர்பிளேஸின்ர புகைவழி அடைபட்டு தாய் தகப்பன் ரெண்டு பிள்ளையள் நாலு பேரும் கார்பன் மோனாக்சைடால செத்துப் போச்சினம், வீட்டில அதுக்கான அலாம் இல்லை. அதால வந்ததுதான் வீடுகளில கார்பன் மோனாக்சைடு அலாம் வேணும் எண்ட 2014 ஒன்ராறியோ சட்டம், 2026 ஜனவரியில இருந்து ஒவ்வொரு மாடியிலயும் இருக்கவேணும் எண்டு ஆக்கியிருக்கினம். அலாம் நாலு நாலாய் அடிச்சால் கார்பன் மோனாக்சைடு, இடைக்கிட ஒரு "கீச்" எண்டால் பட்டறி. ஏழு, பத்து வருசத்தில அது காலாவதியாகும், பின்பக்கம் திருப்பி திகதியைப் பாருங்கோ. சமைக்கேக்க அடிக்குதெண்டு கழட்டி லாச்சிக்குள்ள போட்டிருக்கிற ஆக்களை எனக்குத் தெரியும், அம்மாமாரே, நான் ஒண்டும் சொல்லேல்ல.

வென்டுக்குள்ளால மீன் மணக்குது. நாங்கள் சைவம்! (மிசிசாகா)

உது கனபேருக்குத் தெரியாத விசயம். கரண்ட் வயர், பிளாஸ்டிக் சூடேறினாலும் மீன் மாதிரி மணக்கும். பேஸ்மென்ட் படி இறங்கிற இடத்தில அநேகமா சிவப்புத் தகடு வைச்ச ஃபர்னஸ் சுவிட்ச் இருக்கும், அதை நிப்பாட்டுங்கோ, மணம் போகாட்டி பிரேக்கரையும். புகை கண்டால் வெளியில போய் 911. மோட்டரோ, வயர் பொருந்திற இடமோ சூடேறுதாக்கும், பாக்காமல் திருப்பிப் போடவேண்டாம்.

பேஸ்மென்ட் பெயின்ட் அடிச்சனாங்கள், ஹீட் போட்டால் வேற விதமாக் குத்துது.

பெயின்ட் ஆவியை ஃபர்னஸ் உள்ளுக்கு இழுத்து நெருப்பில எரிக்குது. ஜன்னலைத் திறந்து ரெண்டு நாள் ஆறவிடுங்கோ. தின்னர், பிளீச் போத்தலுகளை ஃபர்னஸுக்குப் பக்கத்தில வைக்கிற பழக்கத்தை விடுங்கோ, பிளீச் ஆவி உள் இரும்பையே அரிக்கும்.

ஈரச் சொக்ஸ் மணம்?

ஹியுமிடிஃபையர், அதாவது வீட்டுக் காத்தை ஈரமாக்கிற சாமான், அதுக்குள்ள இருக்கிற பேட். மாத்துங்கோ.

கதவைத் தட்டி ஒருத்தர் வந்தார், மணத்தைக் கேட்டிட்டு ஹீட் எக்ஸ்சேஞ்சர் (நெருப்பின்ர சூட்டை வீட்டுக் காத்துக்குக் குடுக்கிற உள் இரும்பு) வெடிப்பு விட்டுப்போச்சு, இண்டைக்கே கையெழுத்து வைச்சால் வாடகைக்குப் புது ஃபர்னஸ் எண்டார். உண்மையோ? (ஸ்காபரோ)

ஐயா, மூக்கால வெடிப்பைக் கண்டுபிடிக்கிற ஆளை நான் இன்னும் சந்திக்கேல்ல. கேக்காமல் வீட்டு வாசலில நிண்டு ஃபர்னஸ் விக்கிறதே 2018 மார்ச்சில இருந்து ஒன்ராறியோவில தடை. வெடிப்பு உண்மையாவும் வரும், வந்தால் ஆபத்துத்தான், ஆனா படம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கோ, கார்பன் மோனாக்சைடு அளவை எழுதித்தரச் சொல்லுங்கோ. லைசென்ஸ் உள்ள ஆள் உண்மையா ஆபத்தைக் கண்டால் சிவப்பு டாக் கட்டி கேஸை அங்கயே பூட்டிப்போடுவார், பேனையை நீட்டமாட்டார். நீங்கள் இன்னும் கையெழுத்து வைக்கேல்லத்தானே?

இல்லைத் தம்பி. மகள் வரட்டும் எண்டு சொல்லிப்போட்டன்.

நல்லது. அந்தாள் திரும்பி வந்தால் கதவு திறக்காதேங்கோ. மணம் என்ன மாதிரி எண்டதை மட்டும் இரவைக்கு எழுதுங்கோ, முட்டையா, கருகலா எண்டு. முட்டையெண்டால் எனக்கு எழுத வேண்டாம், மேல மார்க்கம் அண்ணைக்குச் சொன்னதைச் செய்யுங்கோ.