பதுங்குகுழிக் கேள்விகள்: முன்வரிசை விழுந்த பிறகு நடந்தது என்ன?

கேள்வி: முதல் உலகப்போரில் பதுங்குகுழிகளை நேராக வெட்டாமல் மடித்து மடித்து வெட்டியது ஏன்?

நேரான குழிக்குள் ஒரு குண்டு விழுந்தால் அதன் சிதறல் குழியின் நீளம் முழுவதும் பாயும். உள்ளே குதித்துவிட்ட எதிரி ஒருவனே கடைசி ஆள்வரை சுட்டுவிடவும் முடியும். பத்து மீட்டருக்கு ஒரு மண்திட்டை விட்டு மடித்தால், சேதம் அந்த மடிப்போடு நின்றுவிடும்.

கேள்வி: குழியின் ஆழம் எவ்வளவு?

எந்த இடம், எந்த ஆண்டு என்று எழுதாமல் ஆழத்தை மட்டும் கேட்காதீர்கள் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் தாழ்நிலத்தில் கொஞ்சம் தோண்டினாலே நீர் ஊறிவிடும் என்பதால், மணல்மூட்டைகளை அடுக்கிச் சுவர் எழுப்பினார்கள். பிரான்சின் சோம் பகுதிச் சுண்ணப்பாறையிலோ ஜெர்மானியர்கள் பத்து மீட்டர் ஆழம்வரை அறைகள் குடைந்திருந்தார்கள். அதனால்தான் பிரிட்டிஷார் ஒரு வாரம் பொழிந்த ஏறத்தாழ 15 லட்சம் குண்டுகளையும் தாக்குப்பிடித்து, 1916 ஜூலை 1 அன்று இயந்திரத் துப்பாக்கிகளோடு படியேறி வந்தார்கள்.

கேள்வி: சிப்பாய்கள் நான்கு ஆண்டுகளும் குழியிலேயே கிடந்தார்களா?

இல்லை. முன்வரிசை, ஆதரவு வரிசை, சேமவரிசை, பின்புறத்து ஊர்களில் ஓய்வு என்று முறைமாற்றி அனுப்பினார்கள்.

கேள்வி: முதல் வரிசையைப் பிடித்தும் மேலே போகாமல் நின்றது தளபதிகளின் மடமைதானே?

மாதத்திற்கு இரண்டு கடிதமாவது இதே தீர்ப்போடு வருகிறது. மடமையே இல்லை என்று நான் வாதாடவில்லை. ஆனால் பதுங்குகுழி என்பது ஒற்றைப் பள்ளம் அல்ல, வரிசைகளின் அமைப்பு என்பதை மறந்துவிட்டால் இந்தப் போரில் எதுவும் விளங்காது. பிரிட்டிஷார் ஜெர்மானியரைத் தாக்கிய, இந்தியப் படையணியும் அவர்களோடு போரிட்ட நூவ் ஷப்பெல் என்ற பிரெஞ்சு ஊரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1915 மார்ச் 10 காலை ஏழரை மணிக்குத் தொடங்கி 35 நிமிடம் பீரங்கிகள் முழங்கின. பெரும்பகுதியில் முன்வரிசை உடைந்தது, முற்பகலுக்குள் ஊரும் கைக்கு வந்தது. அதன்பின் பீரங்கிக்குச் சேதி சொல்லவேண்டிய தொலைபேசிக் கம்பிகள் குண்டுவீச்சில் அறுந்துகிடந்ததால், தாளில் எழுதிய குறிப்பைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓர் ஆள் பின்னோக்கி ஓடவேண்டியிருந்தது. அவன் வழியில் விழுந்தால் சேதியும் விழுந்தது. மேலிடத்தின் அடுத்த கட்டளை முன்னணியை எட்டிப் படை மறுபடி எழுவதற்குள் மாலையாகிவிட்டது. அதற்குள் பின்வரிசைக் காவலிடங்களில் இருந்த சிறு எண்ணிக்கை ஜெர்மானியர்கள் இயந்திரத் துப்பாக்கிகளை நிறுத்திவிட்டார்கள், அவர்களுக்கு உதவிப்படையும் வரத் தொடங்கிவிட்டது. காப்பவனுக்குப் பின்னால் முழு இருப்புப்பாதை இருந்தது; தாக்குபவனோ தன் பீரங்கியே குதறிய சேற்றில் தோட்டாப் பெட்டியைச் சுமந்து நடக்கவேண்டும். மூன்று நாளில் கிடைத்த நிலம் இரண்டு கிலோமீட்டருக்கும் குறைவு. தாக்கிய தரப்பில் இறந்தோரும் காயமுற்றோரும் காணாமற்போனோரும் ஏறத்தாழ 12,000 பேர், அவர்களில் இந்தியப் படையணியினர் ஏறத்தாழ 4,000. அடுத்த முறை தீர்ப்பெழுதும் முன், அன்று அந்தத் தளபதியின் மேசைக்குச் சேதி எத்தனை மணிக்கு வந்தது என்று பாருங்கள்.

கேள்வி: குழிக்காரர்களின் காலழுகலுக்கு என்ன செய்தார்கள்?

காலைத் துடைத்து, திமிங்கில எண்ணெய் தேய்த்து, காய்ந்த காலுறை மாட்டினார்கள்.

கேள்வி: ‘பெங்களூர் டார்பிடோ’ கடற்படை ஆயுதமா?

பெயரைப் பார்த்து ஊகிக்காதீர்கள். பிரிட்டிஷ் இந்தியப் படையின் பொறியாளர் பிரிவான மதராஸ் சாப்பர்ஸின் கேப்டன் மெக்ளின்டாக் 1912-இல் பெங்களூரில் வடிவமைத்த வெடிகுழாய் அது. துண்டுதுண்டாகப் பொருத்தி முள்கம்பிக்கு அடியில் தள்ளி வெடித்தால், ஆட்கள் நுழைய வழி திறக்கும்.