நிலத்தை விற்று சீட் வாங்க வேண்டாம், அம்மா

மகளின் மேல்படிப்புக்கு என்னிடம் யோசனை கேட்டு திருவாரூர் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா இரண்டு நாளாகத் தூங்கவில்லை என்றார். மகளுக்கு இயற்பியலிலும் கணக்கிலும் நல்ல பிடிப்பு, கட்-ஆஃப் மட்டும் கொஞ்சம் குறைவு. மூன்று மா நிலத்தைக் கொடுத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்று மாமா நெருக்குகிறாராம்.

அம்மா, நிலத்தைத் தொடாதீர்கள். நான்கு வருடம் கழித்து அந்தப் படிப்புக்கு என்ன மவுசு இருக்கும் என்று மாமாவுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நிலம் போனால் போனதுதான். வீட்டில் போர் போட்டபோது, "தண்ணீர் இத்தனை அடியில் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று வந்த ஆளை உங்கள் மகள் துளைத்தெடுத்ததாகச் சொன்னீர்களே, அந்தக் கேள்விக்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது. மண்ணுக்கு அடியில் இருப்பதை மேலிருந்தே அளந்து கணிக்கும் புவி இயற்பியல்.

அதில் எண்ணெய் தேடும் வேலையை மட்டும் சொல்கிறேன். தரையில் அதிர்வை உண்டாக்கி, அடியிலுள்ள பாறைகளில் பட்டுத் திரும்பும் அலையை ஜியோபோன் என்னும் அதிர்வு உணரும் கருவிகளில் பதிவு செய்வார்கள். கையில் கிடைப்பது நேரம்தான். ஆழம் தெரிய அலையின் வேகம் வேண்டும். போய்த் திரும்ப 2 விநாடி, வேகம் விநாடிக்கு 3,000 மீட்டர் என்றால் பாறை 3,000 மீட்டரில். வேகத்தை 3,150 என்று வைத்தால் அதே பாறை 150 மீட்டர் கீழே போய்விடும். அந்த வேகத்தையும் பெரும்பாலும் அதே பதிவிலிருந்துதான் கணிக்க வேண்டும்; ஒரே பதிவுக்கு வெவ்வேறு வேக மாதிரிகள், அதாவது எந்த ஆழத்தில் என்ன வேகம் என்ற கணிப்புகள், பல பொருந்தும். களிமண் இறுகி உண்டான சேல் பாறையில் அலை அடுக்குகளின் வாக்கில் வேகமாகவும் குறுக்கே மெதுவாகவும் போகும். சௌராஷ்டிரா, கட்ச் பக்கம் தக்காண எரிமலைப் பாறை மேலே மூடிக் கிடக்கும் இடங்களில், அதற்கடியிலிருந்து வரும் அலை மங்கிப்போகும். மேலடுக்கில் விட்ட பிழை கீழே எல்லா அடுக்குக்கும் இறங்கும். அதனால் தேர்ந்த புவி இயற்பியலாளர் ஒரே படத்தை நீட்டமாட்டார். பொருந்தக்கூடிய மாதிரிகளை நூற்றுக்கணக்கில் ஓட்டிப் பார்த்து, "இந்த அடுக்கு 2,900 முதல் 3,150 மீட்டருக்குள் இருக்கும், அந்த மூலையில் என் கணிப்பை நம்பித் துளை போடாதீர்கள்" என்பார். கிணற்றுக்குள் கருவி இறக்கி அளந்த வேகம் வந்ததும் திருத்துவார். கணக்கும் புரோகிராமும் இல்லாமல் இதில் ஒன்றும் நடக்காது. மாமா கேட்கும் கம்ப்யூட்டர் இதற்குள்ளேயே இருக்கிறது.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் படிக்கட்டும். பிறகு எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் நுழைவுத் தேர்வு எழுதி ஐஐடி பம்பாயிலோ தன்பாத்திலோ பயன்பாட்டுப் புவி இயற்பியல். அப்புறம் யுபிஎஸ்சியின் புவி அறிவியலாளர் தேர்வு, எண்ணெய் நிறுவனங்கள். இடங்கள் குறைவு, எண்ணெய் விலை சரிந்தால் ஆள் எடுப்பதும் சரியும். அதை மறைக்க மாட்டேன். டெல்டாவில் எண்ணெய்க் கிணறு என்றாலே கசப்புதான், தெரியும். ஆனால் நிலத்தடி நீருக்கும் நிலநடுக்க ஆய்வுக்கும் இதே படிப்புதான் வேண்டும்.

அடுத்த முறை மகளை அழைத்து வாருங்கள். பிடிக்கவில்லை என்றால் அவள் வாயாலேயே சொல்லட்டும், வேறு பார்ப்போம். அதுவரை எங்கும் அட்வான்ஸ் கட்டிவிடாதீர்கள்.