இந்த மாட்யூல் எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பைத்தானில் ‘ரேண்டம்’ மாட்யூலை இம்போர்ட் செய்தால், அதில் ‘ரேண்ட்இன்ட்’ ஃபங்ஷன் இல்லை என்று எரர் வருகிறது. எந்த ஃபைல் லோடாகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: இம்போர்ட் வரிக்கு அடுத்து, மாட்யூல் பெயர், புள்ளி, ‘ஃபைல்’ என எழுதி பிரின்ட் கொடுங்கள். ‘ஃபைல்’ என்பதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடுகள் அவசியம். முழுப் பாதையும் வந்துவிடும். அநேகமாக உங்கள் புரோகிராம் இருக்கும் ஃபோல்டரிலேயே அதே பெயரில் இன்னொரு ஃபைல் இருக்கும். பைத்தான் ‘சிஸ்.பாத்’ என்ற ஃபோல்டர் பட்டியலின் வரிசைப்படிதான் தேடும். முதலிடம் புரோகிராமின் ஃபோல்டருக்கு. உங்கள் ஃபைலின் பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

‘சிஸ்’ போல இன்டர்பிரெட்டருக்குள்ளேயே (பைத்தான் கோடை இயக்கும் புரோகிராமுக்குள்ளேயே) இருக்கும் மாட்யூல்களுக்குத் தனி ஃபைல் கிடையாது. அங்கே இப்படிப் பாதையைக் கேட்டால் ‘அட்ரிபியூட் எரர்’ வருவது இயல்பு. லோடு செய்யாமலே பார்க்க, ‘இம்போர்ட்லிப்.யூட்டில்’ தரும் ‘ஃபைண்ட் ஸ்பெக்’ ஃபங்ஷன் உதவும். பாதை, அது தரும் விவரத்தின் ‘ஆரிஜின்’ பகுதியில் இருக்கும்.