கோடை வேலைக்குப் போனால் எஸ்எஸ்ஐ நின்றுவிடுமா?

மகனுக்கு 20 வயது, ஆட்டிசம், அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜ் படிக்கிறார். எஸ்எஸ்ஐ (வருமானமும் சேமிப்பும் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியோருக்கும் அமெரிக்க அரசு தரும் மாத உதவித்தொகை) வருகிறது. மாதம் 1,500 டாலருக்குக் கோடை வேலை கிடைத்தும், உதவித்தொகை போய்விடுமோ என்று தயங்குகிறீர்கள். தாராளமாகப் போகட்டும்.

இதற்குமேல் சம்பாதித்தால் உதவித்தொகை நின்றுவிடும் என்று உங்களைப் பயமுறுத்தும் மாதம் 1,620 டாலர் (2025), எஸ்எஸ்டிஐ (முன்பு வேலை செய்து வரி கட்டியதன் அடிப்படையில் வரும் இன்னொரு மாற்றுத்திறனாளி உதவி) வாங்குபவர்களுக்கான வரம்பு. எஸ்எஸ்ஐ-க்கு விண்ணப்பிக்கும்போது அதைப் பார்ப்பார்கள். கிடைத்தபின் கணக்கே வேறு. 22 வயது ஆகாத மாணவர் என்றால் மாதம் 2,350 டாலர் வரை, ஆண்டுக்கு 9,460 வரை (2025 வரம்பு), சம்பளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கல்லூரியில் வாரம் 8 மணி நேரமாவது வகுப்பு இருக்க வேண்டும். விடுமுறைக்கு முன்புவரை படித்து, திறந்ததும் தொடர்வார் என்றால் கோடைக்கும் இது செல்லும். கல்லூரிக் கடிதத்தை முன்கூட்டியே, எஸ்எஸ்ஐ-யை நடத்தும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் கொடுத்துவிடுங்கள். அவர் மாணவர் என்று அவர்களுக்குத் தெரியாவிட்டால் சலுகை கிடைக்காது.

22 ஆனபின்? அதே 1,500-இல் 85 டாலரைக் கழித்தால் 1,415. அதில் பாதி, 707.50, எஸ்எஸ்ஐ-யில் குறையும். 2025-இன் முழுத்தொகையான 967 வாங்குபவருக்கு 259.50 மிஞ்சும். ஆக, கையில் மொத்தம் 1,759.50, வேலைக்குப் போகாமல் இருந்தால் வெறும் 967. சம்பளம் ஏறி எஸ்எஸ்ஐ பூஜ்யமானாலும், மாநில வரம்பைத் தாண்டாதவரை மெடிக்கெய்டு (அரசு மருத்துவக் காப்பீடு) பெரும்பாலும் தொடரும்.

எனக்குக் கவலை சம்பளத்தைப் பற்றி இல்லை, வங்கிக் கணக்கைப் பற்றித்தான். மாதத்தின் முதல் தேதியில் அவர் பெயரில் 2,000 டாலருக்கு மேல் இருந்தால் அந்த மாத உதவித்தொகை முழுதும் போச்சு. மூன்று மாதச் சம்பளத்தைச் செலவழிக்காமல் வைத்தாலே அது தாண்டிவிடும். ஊரில் தாத்தா பேரன் பெயரில் போட்ட ஃபிக்ஸட் டெபாசிட்டும் இதில் சேரும்; நம் வீடுகளில் பலர் மறப்பது இதைத்தான். ஏபிள் கணக்கு (மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புச் சேமிப்புக் கணக்கு) திறந்து மிச்சத்தை அதில் போடுங்கள்: 2025-இன் வரம்பு ஆண்டுக்கு 19,000 டாலர், இருப்பு ஒரு லட்சம் டாலர் வரை எஸ்எஸ்ஐ கண்டுகொள்ளாது.

ஒவ்வொரு மாதச் சம்பளத்தையும் அடுத்த மாதம் 10-ஆம் தேதிக்குள் தெரிவியுங்கள். வரி பிடித்தம் போக வந்ததை அல்ல, பே ஸ்டப்பில் (சம்பளச் சீட்டில்) உள்ள மொத்தச் சம்பளத்தை. இரு வாரத்துக்கொருமுறை சம்பளம் என்றால் சில மாதம் மூன்று காசோலை வரும். அந்த மாதத்தை மட்டும் தனியாகக் கவனியுங்கள்.